தெம்பே சகிமினின் ஏழு சுற்று

பஸ் நிலையத்தின் மேற்கு வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும் சகிமினை ஜாவாத் தீவின் புர்வகெர்தோ ஊரில் பாதிப் பேர் 'பாக் ஹாஜி', அதாவது ஹாஜி ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் இல்லை. போகப் போகிறவர். பதின்மூன்று வருஷமாகப் போகப் போகிறவர்.

முதலில் அது கேலிதான். சின்ன வயதிலிருந்தே கூட்டாளியான வேன் டிரைவர் காஸ்தோ ஆரம்பித்து வைத்தது. சகிமினும் அவர் மனைவி ருமியாவும் ஹஜ்ஜுக்குப் பேர் பதிந்துவிட்டுத் திரும்பிய அன்றே கடை முன்னால் வேனை நிறுத்தி, "பாக் ஹாஜி, நாலு மெந்தோவான் குடுங்க. பச்சை மிளகாய் ஜாஸ்தி" என்று கத்தினான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சகிமின் கரண்டியை ஓங்கினார். ஆனால் அன்றைக்கு அவனுக்கு ஐந்தாவதாக ஒன்று சும்மா போட்டுக் கொடுத்தார்.

வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்று வரிசை. வரிசை நகரும் வேகம் அவருக்குத் தெரியும். பேர் பதிந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் படித்து, கல்யாணமாகி, சுரபாயாவுக்குப் போய் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள். பஸ் நிலையம் இரண்டு தரம் வெள்ளையடிக்கப்பட்டது. சகிமின் அதே இடத்தில் நின்று மெந்தோவான் போட்டுக்கொண்டிருந்தார்.

ருமியா சோயாவை வேகவைத்து, தோல் கழற்றி, பூசண விதைப்பொடி தூவி, வாழையிலையில் அட்டை மாதிரி மெல்லிசாக ஒவ்வொன்றாகக் கட்டி வைப்பாள். இரண்டு நாளில் வெள்ளைப் பூசணம் பூத்து, பயறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தத் தெம்பேயை வெங்காயத் தாள் போட்ட மாவில் முக்கி, கொதிக்கிற எண்ணெயில் விட்டு, மாவு வேகும் வேகாததற்குள் எடுத்துவிட வேண்டும். அதுதான் மெந்தோவான். மொறுமொறு என்று ஆகிவிட்டால் எங்கள் ஊரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். துணி மாதிரி துவள வேண்டும். எண்ணெய் விரலில் வழிய வேண்டும்.

சட்டிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஈடும் எடுத்ததும் முதல் துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பதம் பார்ப்பது. முதல் துண்டை வாடிக்கைக்காரருக்குக் கொடுத்தால் தொழிலுக்கு அவமரியாதை. சகிமின் முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு ஈட்டைக்கூடப் பதம் பார்க்காமல் விற்றதில்லை.

அடுத்த வருஷப் பயணப் பட்டியலில் இருவர் பேரும் இருப்பதாக மழைக்காலத்துக்கு முன்னால் கடிதம் வந்தது. சகிமின் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சட்டிக்கு முன்னால் நின்றார். கண்ணைத் துடைத்தபோது எண்ணெய்ப் புகை என்றார்.

ஊருக்குச் செய்தி தெரிந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மக்காவில் காபாவுக்கு முன்னால் நின்று எனக்காக ஒரு துஆ கேளுங்கள் என்று பேர் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். சகிமின் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி எழுதிக்கொண்டார். கண்டக்டர் தர்மோவுக்குப் பிள்ளை வேண்டும். மிளகாய் விற்கும் சுமர்திக்கு, மகன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை விட வேண்டும். காஸ்தோவின் பெண்சாதி வந்து, "இந்த மனுஷன் குறட்டை நிக்கணும், எழுதிக்கோங்க" என்றாள்.

"இதையெல்லாமா அங்க போய்க் கேக்கறது?"

"உங்களுக்கென்ன, நீங்க பக்கத்துல படுக்கலையே!"

அதையும் எழுதிக்கொண்டார். நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள்.

உடம்பு தாங்கும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் பயணம். அரசு சுகாதார நிலையத்தில் நிங்ரும் என்ற டாக்டர் இருந்தார். சின்ன வயசுப் பெண். பேச்சு மெதுவாக இருக்கும், கண் மட்டும் ஆளை விடாது. ருமியாவுக்கு எல்லாம் சரி. சகிமினின் தாளை மட்டும் மேஜையில் திருப்பி வைத்தார்.

"பாக் சகிமின், ரத்தத்துல கொழுப்பு இருநூத்தி எழுபத்தொண்ணு. அதுல கெட்டது மட்டும் நூத்தி எண்பத்தி நாலு. இதயப் படமும் எனக்குத் திருப்தியா இல்ல. மாமிசம் நிறைய சாப்பிடுவீங்களா?"

"பெருநாளைக்கு ஆடு, அவ்வளவுதான் டாக்டரம்மா. நாங்க தெம்பேக்காரங்க."

"பெரிய ஆஸ்பத்திரியில ஓட வச்சு ஒரு பரிசோதனை பண்ணிட்டு வாங்க. மாத்திரை எழுதறேன், தினம் ஒண்ணு, விடாம. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கறேன். அப்ப குறைஞ்சிருந்தா சந்தோஷமா கையெழுத்துப் போடறேன்."

மூன்று மாசம். பதின்மூன்று வருஷம் காத்தவருக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கியதும் அவருக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரை தின்கிறவன் நோயாளி. நோயாளியை எவன் விமானத்தில் ஏற்றுவான்? தாளில் 'மாத்திரை சாப்பிடுகிறார்' என்று ஏறிவிட்டால் தீர்ந்தது கதை. அவராகவே இப்படி நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. அந்த அட்டை கடைக்குப் போய், கொத்தமல்லி விதை வைக்கும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரமே பள்ளிவாசலில் ஒரு கூட்டம். சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, சோயா இதயத்துக்கு நல்லது, கெட்ட கொழுப்பைக் குறைக்கும், நம் தெம்பே இருக்கும்போது ஏன் மாமிசம் என்று பேசினார். அவர் இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். சகிமினுக்கு அதற்கு மேல் காதில் ஏறவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகத் தன் கையில் இருக்கிறது மருந்து! தகர டப்பாவைப் பற்றிய உறுத்தலும் அன்றோடு போயிற்று.

அன்றைக்குப் பிறகு வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை. காலையில் தெம்பே, மத்தியானம் தெம்பே, ராத்திரி தேங்காய்ப்பால் குழம்பில் தெம்பே.

"என்ன ஆச்சு உங்களுக்கு? வாய் செத்துப் போகலையா?" என்று ருமியா கேட்டாள்.

"மருந்துடி இது. சும்மா பொரிச்சுப் போடு."

அவளும் பொரித்துப் போட்டாள். மனுஷன் ஒழுங்காக மாத்திரையும் விழுங்குகிறார், பத்தியமும் இருக்கிறார் என்று அவளுக்கு நிம்மதி.

ஓட்டப் பரிசோதனைக்கு நாள் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஹஜ் ஒத்திகை வந்தது. அரசு மண்டபத்தின் முற்றத்தில் ஒட்டுப்பலகையில் காபா மாதிரி ஒன்று கட்டி, கறுப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். துணி ஒரு மூலையில் கிழிந்து பலகை தெரிந்தது. சுற்றிலும் இருநூறு பேர். பாதிப் பேருக்கு நரை. ஒருவர் முன்னால் நின்று, காபா எப்போதும் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும், ஏழு சுற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சகிமின் அதைப் பார்த்தார். பலகைதான் என்று தெரியும். அந்தப் பலகையை அறுத்த தச்சனையும் அவருக்குத் தெரியும். ஆனாலும் தொப்பியை நேராக்கிக்கொண்டார். முதல் சுற்றில் ருமியாவின் கையைப் பிடித்திருந்தார். இரண்டாவதில் நோட்டில் இருந்த பேர்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். தர்மோ, சுமர்தி, காஸ்தோவின் குறட்டை. மூன்றாவது முடிந்து நாலாவது திரும்பும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ செங்கல்லை வைத்து அழுத்தியது போல இருந்தது. இடது தோளுக்கு வலி இறங்கியது.

"என்ன, நின்னுட்டீங்க?" என்றாள் ருமியா.

"செருப்பு வாரு கடிக்குது."

எல்லாரும் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். ருமியா அவர் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். ஓரத்துக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள். மிச்சம் நாலு சுற்றை அவர் உட்கார்ந்தபடி பார்த்தார். இருநூறு பேரும் அவரைக் கடந்து கடந்து போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிப் பரிசோதனையும் முடிந்து, மூன்று மாசக் கெடுவில் டாக்டர் நிங்ருமுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டாக்டர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இருநூத்தி எண்பத்தி மூணு. ஏறியிருக்கு. மாத்திரை போடறீங்களா பாக்?"

"போடறேன்."

"சாப்பாடு?"

"தெம்பே மட்டும்தான். மூணு வேளையும். சத்தியமா வேற எதுவும் தொடலை."

"எப்படிச் சமைச்சது?"

சகிமினுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எப்படின்னா?"

"அவிச்சதா? குழம்பா? பொரிச்சதா?"

"தெம்பேயை வேற எப்படிம்மா தின்பாங்க? பொரிச்சுதான். ராத்திரிக்கு அதையே தேங்காய்ப்பால் குழம்புல போட்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"வீட்ல ஆறு ஏழு இருக்கும்."

"கடையில?"

"கடையில நான் சாப்பிடவே மாட்டேன். பதம் மட்டும் பார்ப்பேன்."

"டாக்டரம்மா, அந்தப் பதமே ஒரு நாளைக்குப் பதினஞ்சு வரும்" என்றாள் ருமியா.

"அது சாப்பாடு இல்லடி, தொழில்."

"வயித்துக்கு அது தெரியுமா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாளைத் திரும்பப் பார்த்ததும் போய்விட்டது. "பாக், சோயா நல்லதுதான். பொய் இல்ல. கறிக்குப் பதிலா, எண்ணெய் இல்லாம, தினமும் சாப்பிட்டா கெட்ட கொழுப்பு நூத்துக்கு மூணோ நாலோ குறையும். அவ்வளவுதான் அதால முடியும். உங்களுக்குப் பாதிக்குப் பாதி குறையணும். அது மாத்திரையோட வேலை. நீங்க அந்த நல்ல பண்டத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை பாமாயில்ல குளிப்பாட்டி உள்ள அனுப்பறீங்க. மேல தேங்காய்ப்பால் வேற." கொஞ்சம் நிறுத்தினார். "மாத்திரை நெஜமா போடறீங்களா? போட்டிருந்தா இந்த நம்பர் இப்படி இருக்காதே."

சகிமின் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். ருமியா அவரைப் பார்த்தாள்.

"கொத்தமல்லி டப்பாவுல இருக்கு" என்றார் கடைசியில்.

இதயத்துக்குப் போகும் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, அந்த வெயிலிலும் கூட்டத்திலும் இந்த வருஷம் அனுப்ப முடியாது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள் என்றும் சொன்னார். அது சகிமினுக்கு அடி மேல் அடி. பேர் பட்டியலை விட்டுப் போகாது, அடுத்த வருஷத்துக்குத் தள்ளப்படும். அதற்குள் குறைத்துக் காட்டினால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மாத்திரைச் சீட்டை இந்தத் தடவை ருமியாவின் கையில் கொடுத்தார்.

ருமியா வீடு வந்ததும் பயறு ஊறிய அண்டாவை நங்கென்று தரையில் வைத்தாள்.

"பதிமூணு வருஷம் காத்திருக்கத் தெரிஞ்சுது. ஒரு மாத்திரைக்கு வாயைத் தொறக்கத் தெரியலையா?"

"நோயாளின்னு கழிச்சிருவாங்கன்னு நெனச்சேன்."

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நீ போடச் சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்!" அண்டாவை ஓரமாகத் தள்ளினாள். "நானும் போகலை. அடுத்த வருஷம் சேர்ந்தே போவோம். நீங்க இல்லாம நான் அங்க போய் எந்தப் பக்கம் திரும்பறது?"

சகிமின் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

"நாப்பத்து மூணு பேரு. நம்பிக் குடுத்திருக்காங்க. என்னை மாதிரி இவங்களையும் ஒரு வருஷம் நிக்க வைக்கவா?"

"எனக்கு உங்க கோழிக்கிறுக்கல் புரியாது."

"பெருசா எழுதித் தரேன்."

நான்கு நாள், கடையை மூடிய பிறகு சாயங்காலங்களில் உட்கார்ந்து, பக்கத்துக்கு நாலு பேர் என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ஐந்தாம் வகுப்போடு பேனாவை விட்ட கை. ருமியா பயறு தோல் கழற்றிக்கொண்டே ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"உங்க பேரு எங்க?"

"என் பேரு எதுக்கு?"

"ஊரு பேரெல்லாம் இருக்கு, உங்களது இல்லையே."

"நான் நேர்ல போய்க் கேட்டுக்கலாம்னு எழுதலை" என்றார் சகிமின்.

ருமியா கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். நாற்பத்து நாலாவதாக அவளே எழுதினாள். சகிமின் என்பதில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. அவர் திருத்தவில்லை.

மே மாசம் ஊர் மைதானத்திலிருந்து பஸ்கள் கிளம்பின. பயணிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பூப்போட்ட துணி. ருமியா ஜன்னலோரம் உட்கார்ந்து, "மாத்திரை!" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அன்றைய குழி காலியாக இருந்தது. பஸ் திரும்பியது. கையசைத்துக்கொண்டே கூட ஓடின காஸ்தோவின் பெண்சாதி, "குறட்டை! குறட்டையை மறந்துராதே!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். சகிமினும் சிரித்தார். பஸ் ஸ்லாமெட் மலைப்பக்கம் போய் மறைந்த பிறகும் மைதானத்தை விட்டு நகராமல் நின்றார்.

சட்டி நிற்கவில்லை. ஆனால் முதல் துண்டு இப்போது காஸ்தோவுக்கு. தெம்பேயைத் தக்காளியும் மிளகாயும் வைத்து இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து, தூக்குவாளியில் கொண்டு வந்து அதைத்தான் சகிமின் தின்றார். முதல் வாரம் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நுரைத்துப் பொங்கும் எண்ணெயின் வாசம் மூக்கில் ஏறும்போது, நாக்கு தானாக அசையும்.

"துவளுதா?" என்று கேட்பார்.

"துவளுது பாக் ஹாஜி. இன்னொண்ணு போட்டா உறுதியாச் சொல்லலாம்" என்பான் காஸ்தோ. "உங்க ஹஜ்ஜுக்காக நான் கொழுப்பு ஏத்திக்கிட்டிருக்கேன், ஞாபகம் வச்சுக்கோங்க."

"டேய், நீயும் போய் ரத்தம் குடுத்துப் பாருடா."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருந்துச்சு."

தினமும் காலையில் மூச்சு வாங்காத வேகத்தில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சகிமின் மைதானத்தைச் சுற்றினார். அங்கே நடக்கிறவர்கள் எல்லாரும் வலது கையில் புல்வெளி இருக்கும்படி நடப்பார்கள். சகிமின் மட்டும் எதிர்ப்பக்கம். புல்வெளி இடது கையில். எதிரில் வருகிறவர்கள் விலகி விலகிப் போனார்கள். "எல்லாரும் ஒரு பக்கம், உங்களுக்கு மட்டும் தனி ரோடா?" என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கடுகடுத்தார். சகிமின் பதிலுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு நடந்தார். முதல் நாள் மூன்றே சுற்று. நாலாவது திரும்பும் மூலையில் அந்தச் செங்கல் வந்து உட்கார்ந்தது. நின்றார். மறுநாளும் அங்கேயே. அந்த மூலையை அவர் மனசுக்குள் சபித்தார். இரண்டாவது வாரம் மாத்திரையும் நடையும் சேர்ந்தோ என்னவோ, மூலை அவரை விட்டுவிட்டது.

அன்றைக்கு நாலு சுற்று முடித்து ஐந்தாவதுக்குக் கால் வைக்கும்போது செல்போன் அடித்தது. ருமியா. முதலில் மதீனாவில் தங்கிவிட்டு மக்காவுக்கு வந்திருந்தாள். பின்னால் ஒரே இரைச்சல், கடல் மாதிரி.

"பாக், கேக்குதா? இப்பத்தான் உள்ள வந்திருக்கேன். கண்ணு முன்னாடி இருக்கு."

"எப்படி இருக்கு?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"பலகை மாதிரியா இருக்கு?" என்று கேட்டார்.

"போங்க!" என்று அழுகைக்குள் சிரித்தாள். "சுத்த ஆரம்பிக்கப் போறேன். நோட்டு கையில இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"மைதானத்துல."

"எத்தனாவது சுத்து?"

சகிமின் சுற்றிப் பார்த்தார். வெயில் இன்னும் மலையைத் தாண்டவில்லை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் யாரோ குப்பை கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஆரம்பிக்கலை" என்றார். "நீ ஆரம்பி. நானும் வரேன்."

முடித்த நாலையும் அங்கேயே விட்டுவிட்டுக் கொடிக்கம்பத்துக்கு நேராகப் போய் நின்றார். புல்வெளியை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒன்று என்று எண்ணி நடக்க ஆரம்பித்தார்.